பாட்டி அதட்டிய பெருமூச்சு

மனசு சரியில்லாத நேரத்தில், எழுந்து எங்கும் போகாமல் செய்ய ஏதாவது வழி இருக்கிறதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நடை, காலை வெயில், நல்ல தூக்கம், மனம்விட்டுப் பேச ஒரு ஆள் இவையெல்லாம் உதவும், அது அவருக்கே தெரிந்திருக்கும். நான் சொல்ல நினைப்பது பெருமூச்சைப் பற்றி.

யாராவது பெருமூச்சு விட்டால் என் பாட்டி அதட்டுவார்: "விடாதே, வீட்டுக்கு ஆகாது." விடாமல் இருந்தால்தான் உடம்புக்கு ஆகாது. கவலையே இல்லாதபோதும் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒன்று நம்மை அறியாமல் விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். ஒவ்வொன்றின் அகலமும் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். உட்சுவரில் ஈரம் படர்ந்திருக்கும். நீரின் பரப்பு இழுவிசை சுவரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்க நுரையீரலே சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சுரக்கிறது. அப்படியும் சில நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஈரமான பாலித்தீன் பையைப் பிரித்துப் பாருங்கள், லேசாக ஊதினால் அசையாது. அழுத்தி ஊதினால் பட்டென்று விரியும். பெருமூச்சும் அதைத்தான் செய்கிறது. இழுத்த மூச்சை விடுவதற்குள் அதன் மேலேயே இன்னொன்றை இழுக்கிறோம். வழக்கத்தைப் போல இரு மடங்கு காற்று உள்ளே போய், ஒட்டியவை திறக்கின்றன. அழுது ஓய்ந்த குழந்தை தூங்கும்போது விட்டு விட்டு இழுக்குமே, அந்த இழுப்பு!

இந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது? எலியின் மூளைத்தண்டில் வெறும் 200 போல நரம்பணுக்கள் இதற்கென்றே இருப்பதை 2016இல் கண்டுபிடித்தார்கள். அவை சேதி அனுப்பும் இடம், சுவாசத் தாளத்தையே உண்டாக்கும் 'பிரீ-பெட்ஸிங்கர்' என்ற முடிச்சு. ஜெர்மனியில் ஒரு கருத்தரங்கு மேசையில் இருந்த வைன் பாட்டிலிலிருந்து வந்த பெயர் அது. அந்த முடிச்சிலிருந்து மூளையின் விழிப்பு மையத்துக்கும் ஒரு கம்பி போகிறது என்று 2017இல் தெரிந்தது. அந்தக் கம்பிக்கு உரிய அணுக்களை நீக்கிய எலிகள் பரபரப்பு அடங்கிச் சாந்தமாகிவிட்டன. எலியின் மூச்சை ஆராய அரசுப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மூச்சுக்கும் மனசுக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் கைக்குச் சிக்கியது.

சரி, மனிதர்களுக்கு? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. தினம் 5 நிமிடம், ஒரு மாதம். தியானம் செய்தவர்களைவிடப் பெருமூச்சு விட்டவர்களுக்கு மனநிலை அதிகம் தேறியிருந்தது. வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வுக்கு இது மருந்தாகாது, அதற்கு மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

மூக்கால் ஒரு மூச்சு, அதன் மேல் சின்னதாக இன்னொன்று, பிறகு வாய் வழியாக மெதுவாக, நீளமாக விடுங்கள். அப்போது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்திருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும். விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைச் சற்று நிதானமாக்கும். இரண்டு துடிப்புக்கு நடுவே இடைவெளி நீள்வது விரலுக்கே தெரியும்.