தழுவல்: நாவல் படமாகும்போது

‘இன்ன நாவலைத் தழுவியது’ என்று சில படங்களின் தொடக்கத்தில் ஒரு வரி வரும். அடாப்டேஷனுக்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் இந்தத் தழுவல்தான். அடாப்டேஷன் லத்தீன் வழி வந்தது; பொருந்தும்படி மாற்றுவது அதன் வேர்ப்பொருள். உயிரினம் சூழலுக்கேற்ப மாறுவதைப் பாடநூல்கள் ‘தகவமைப்பு’ என்கின்றன. அறிவியலுக்குச் சரி, கதைக்கு அது ஒட்டாது.

தழுவு என்றால் அணை, கட்டிப்பிடி. சங்க நூலான கலித்தொகையின் முல்லைக்கலியில் வரும் ஏறு தழுவுதலில் இருப்பதும் இந்தச் சொல்தான். இலக்கணத்தில் ‘இறந்தது தழுவிய எச்சவும்மை’ என்பார்கள். ‘கண்ணனும் வந்தான்’ என்றால் அவனுக்கு முன்னால் வந்தவரையும் அந்த ‘உம்’ சேர்த்துக்கொள்கிறது. அப்படி, முந்தையதைத் தன்னுள் வைத்துக்கொண்டு புதியதைச் சொல்வதும் தழுவலின் பொருளில் உண்டு. தொல்காப்பிய மரபியல், முந்தைய நூலை ஒட்டி எழும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. நாவல் திரைக்கு வரும்போது நடப்பது பெரும்பாலும் தொகைவிரி: ஓரிடத்தில் சுருங்கும், இன்னோரிடத்தில் விரியும்.

பூமணியின் ‘வெக்கை’ நாவல் (1982), அதைத் தழுவிய வெற்றிமாறனின் ‘அசுரன்’ படம் (2019) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது துலங்கும். நாவல் சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையனை விட்டு நகராது. அண்ணன் சாவுக்குப் பழியாக அவன் செய்யும் கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் அப்பாவும் மகனும் காடுமேடாக அலைகிறார்கள், கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். அண்ணன் கொலையானது அவர்கள் நினைவிலும் பேச்சிலும்தான் வரும். படத்தில் அண்ணனின் கொலை கண்முன்னே நடக்கிறது. கதையின் நடுவிடம் அப்பா சிவசாமிக்குப் போகிறது. அவர் ஏன் இவ்வளவு அடங்கிப் போகிறார் என்பதற்கு, நாவலில் இல்லாத ஒரு முன்கதை விரிகிறது. காலில் செருப்புப் போட்டதற்காக ஒரு பெண் அவமானப்படுகிறாள், குடிசைகள் எரிகின்றன. மனசுக்குள் ஓடுவதை எழுத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கேமராவுக்கு அது நிகழ்ச்சியாக வேண்டும்.

அந்தப் பையனின் பார்வை போனது எனக்குப் பெரிய இழப்புதான். ஆனாலும் ‘நாவலைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று சொல்ல மாட்டேன். நிலம், சாதி, பழிக்குப் பழி என்ற கதையின் உயிரைப் படம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால் தழுவல் என்ற பெயர் அதற்குத் தகும்.

ரீமேக் வேறு. ஒரு படத்தையே திரும்ப எடுப்பது அது. மறுஆக்கம் என்றால் போதும். மூலத்தின் பெயரைச் சொல்லாமல் கதையை எடுத்துக்கொள்வதையும் சிலர் தழுவல் என்கிறார்கள். அதற்குத் திருட்டு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.