பழைய அனல்மின் நிலையத்தின் புகைக்கு வரம்பு உண்டு, கரியமில வாயுவுக்கு?

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து இருக்கின்றன, அதில் முதலாவது 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இவ்வளவு பழைய நிலையத்தை மூடச் சொல்லும் சட்டம் இல்லையா, அது விடும் கரியமில வாயுவுக்கு வரம்பு இல்லையா என்று கேட்டால் இரண்டுக்கும் பதில் 'இல்லை'தான். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் மூட வேண்டும் என்று விதி கிடையாது. 2023 ஜனவரியில் மத்திய மின்சார ஆணையம், 2030-க்கு முன் நிலக்கரி நிலையங்களை மூட வேண்டாம் என்றே அறிவுறுத்தியது.

சரி, என்னதான் விதி இருக்கிறது? 2015 டிசம்பர் 7-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த விதிதான் அடிப்படை. 2003 முடிவதற்குள் நிறுவப்பட்ட, 500 மெகாவாட்டுக்குக் குறைவான அலகு என்றால் புகைபோக்கி வழியே போகும் காற்றில் ஒரு கன மீட்டருக்குத் துகள்கள் 100 மில்லிகிராம், கந்தக டை ஆக்சைடு 600, நைட்ரஜன் ஆக்சைடுகள் 600, அதற்கு மேல் போகக் கூடாது. இதற்குக் கொடுத்த கெடு இரண்டே ஆண்டு. அப்புறம் அந்தக் கெடு 2022, 2024, 2026 என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் 2025 ஜூலையில் 'ஏ', 'பி' என்ற இரண்டு பிரிவுகளிலும் சேராத, நிலையங்களில் பெரும்பாலானவை அடங்கும் 'சி' பிரிவுக்குக் கந்தக வரம்பே, புகைபோக்கி உயர நிபந்தனையோடு, விலக்கப்பட்டுவிட்டது. டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 'ஏ' பிரிவு, அவற்றுக்கு 2027 முடியும் வரை அவகாசம். கடுமையாக மாசுபட்ட பகுதிகளுக்கும், காற்றுத் தரம் தேறாத நகரங்களுக்கும் அதே தூரத்துக்குள் இருப்பவை 'பி' பிரிவு, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்கள். காற்றுத் தரம் தேறாத நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியும் இருக்கிறது. 2030 முடிவதற்குள் மூடிவிடுவோம் என்று எழுதிக் கொடுக்கும் நிலையத்துக்கும் கந்தக வரம்பிலிருந்து விலக்கு உண்டு. இத்தனை முறை கெடுவை நீட்டியதன் விலையைப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் நுரையீரல்தான் கொடுக்கிறது என்பது என் கருத்து.

இந்த விதியில் எங்கேயும் கரியமில வாயு வராது. கந்தகத்தைப் பிடிக்கும் கருவியைப் பொருத்தினாலும் கரியமில வாயு குறையாது, அந்தக் கருவியை ஓட்டவும் மின்சாரம் வேண்டும் என்பதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். 210 மெகாவாட் அலகு ஒரு மணி நேரம் முழு அளவில் ஓடினால் 2,10,000 யூனிட், அதாவது சுமார் 210 டன். ஐந்தும் நாள் முழுக்க அப்படி ஓடினால் 25,000 டன்னைத் தாண்டும்.

கரிமத்தை மறைமுகமாகத் தொடும் ஏற்பாடுகள் சில உண்டு. 2012-இல் தொடங்கிய 'பாட்' திட்டம், ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகலாம் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் இலக்கு வைத்தது. இலக்கைத் தாண்டி மிச்சம் பிடித்தவர் சான்றிதழை விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். நிலக்கரி மீது 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கிய வரி 2016-இல் 400 ரூபாய் ஆனது, 2025 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு ஜிஎஸ்டியை 5-இலிருந்து 18 சதவீதமாக்கினார்கள். 2023-இல் அறிவித்த, கரிம வெளியீட்டுக்கே இலக்கு வைக்கும் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தில் முதலில் இலக்கு வைத்தது அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிப்பு), காகிதம் ஆகிய தொழில்களுக்கு. நாட்டிலேயே அதிகம் கரிமம் விடும் அனல்மின் துறையை அந்த முதல் பட்டியலில் சேர்க்காமல் விட்டது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன்.

நிலையத்துக்குப் பக்கத்தில் வசிப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு நிலையமும் செப்டம்பர் 30-க்குள் முந்தைய நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையை, படிவம் 5-இல், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி அந்த அறிக்கையின் நகலையும், இயக்குவதற்கான இசைவாணையின் நகலையும், புகைபோக்கியில் தொடர்ந்து பதிவாகும் அளவீடுகளையும் கேளுங்கள். எந்த அலகு, எந்த மாதம் என்று குறிப்பிட்டுக் கேட்பது நல்லது, பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆண்டில் எரித்த நிலக்கரி எத்தனை டன், அதில் கரிமம் எத்தனை சதவீதம் என்ற இரண்டு கேள்விகளையும் மின் உற்பத்திக் கழகத்துக்குத் தனி மனுவாக அனுப்புங்கள். அந்த இரண்டும் கிடைத்தால் எரிந்த கரிமத்தை 3.67-ஆல் பெருக்கி, ஆண்டுக்கு எவ்வளவு கரியமில வாயு போகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம்.