வைட்டல் சைன்ஸ்: முக்கிய அறிகுறிகளா, உயிர்க்குறிகளா?

மருத்துவமனைகளில் புழங்கும் வைட்டல் சைன்ஸ் (vital signs) என்ற ஆங்கிலச் சொல்லை 'முக்கிய அறிகுறிகள்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பல இடங்களில் பார்க்க முடிகிறது. இலக்கணப் பிழை ஏதும் இல்லை, பொருள்தான் தவறு. 'நோயாளியின் முக்கிய அறிகுறிகள் சீராக உள்ளன' என்று படிப்பவர், ஏதோ நோயின் அறிகுறிகளைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அறிகுறி சீராக இருக்கிறது என்றால் நோய் இன்னும் விடவில்லை என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். சொல்ல வந்ததோ வேறு.

உடல் உயிரோடு இயங்குவதைக் காட்டும் அடிப்படை அளவுகளுக்குத்தான் மருத்துவத்தில் இந்தப் பெயர். உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு வீதம், இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் நெடுநாளாக இந்தப் பட்டியலில் உள்ளவை. விரலில் மாட்டும் கருவி பரவிய பிறகு இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் பெரும்பாலான இடங்களில் சேர்த்துக் குறிக்கிறார்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, மூச்சு 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. இந்த அளவுகள் எல்லா வயதுக்கும் பொருந்தா. பச்சிளங்குழந்தையின் நாடி 120-ஐத் தாண்டுவது சாதாரணம்.

வைட்டல் என்பதன் வேர், உயிர் என்று பொருள்படும் 'வீட்டா' என்ற இலத்தீன் சொல். ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு 'உயிர் சார்ந்த' என்பதுதான் பொருள். உயிருக்குத் தேவையானது எதுவோ அது இன்றியமையாதது என்ற வழியில் 'மிக முக்கியமான' என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று பேச்சில் இந்த இரண்டாம் பொருளே முந்திக்கொள்வதால் மொழிபெயர்ப்பாளரும் அதிலேயே வழுக்கி விழுகிறார்.

இதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்லைத் தமிழ் சரியாகவே பிடித்திருக்கிறது. 1912-இல் போலந்தில் பிறந்த உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க், 'வீட்டா'வோடு 'அமைன்' என்ற வேதிப்பெயரைச் சேர்த்து வைட்டமின் என்ற பெயரை உருவாக்கினார். அதற்குத் தமிழில் உயிர்ச்சத்து. யாரும் அதை 'முக்கியச் சத்து' என்று எழுதவில்லை. அந்த வழியே போனால் வைட்டல் சைன்ஸும் உயிர்க்குறிகள்தான். ஒருமையில் உயிர்க்குறி. நடுவில் க் மிகும்.

சரி, 'உயிர் அறிகுறி' என்று சொன்னால் என்ன? மருத்துவ ஆங்கிலத்தில் சைன் வேறு, சிம்ப்டம் வேறு. பார்ப்பவர் கண்டும் தொட்டும் அளந்தும் அறிவது சைன். நோயாளி தான் உணர்ந்து சொல்வது சிம்ப்டம். தமிழில் அறிகுறி என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'குறி'யோ சித்த மருத்துவத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல். சிறுநீரின் நிறம், மணம், நுரை போன்றவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதில் ஒரு துளி எண்ணெய் விட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. இரண்டுமே வைத்தியர் தம் கண்ணால் காண்பவை. அளந்தறிவதற்குக் குறி, உணர்ந்து சொல்வதற்கு அறிகுறி என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும் என்பது என் கருத்து.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 1990களில் அமெரிக்காவில் வலியை 'ஐந்தாவது உயிர்க்குறி' என்று அறிவித்து, ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறிக்கச் சொன்னார்கள். வலியை அளக்கக் கருவி கிடையாது. நோயாளி சொல்வதுதான் அளவு. அபினி வகை மருந்துகளை அளவுக்கு மீறி எழுதிக்கொடுக்க இதுவும் ஒரு காரணம் என்ற கண்டனம் எழுந்து, 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வலியை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது.

நாடி பார்ப்பது மிகப் பழையது, ஆனால் எண்ணாகக் குறிப்பது அவ்வளவு பழையதல்ல. நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு கடிகாரத்தைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃபிளாயர் எழுதியது 1707-இல். உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கு, 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கும் முறை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரொச்சி 1896-இல் கொடுத்தது. ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒலி கேட்டு இரத்த அழுத்தத்தின் மேல், கீழ் என இரண்டு அளவையும் சொல்லும் வழியை 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் காட்டினார். மூச்சை எண்ண மட்டும் கருவியே வேண்டாம். ஆனாலும் அதில் ஒரு சிக்கல் உண்டு: எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே நம் மூச்சு மாறிவிடும். அதனால் அனுபவமுள்ள செவிலியர் நாடி பிடித்த கையை எடுக்காமலே, மார்பு ஏறி இறங்குவதை எண்ணி முடித்துவிடுவார்.

பேச்சில் இது 'வைட்டல்ஸ்' என்று சுருங்கிவிட்டது. 'வைட்டல்ஸ் ஸ்டேபிள்' என்று மருத்துவர் சொன்னால் நோய் குணமாகிவிட்டது என்று பொருளல்ல, இந்த அளவுகள் இப்போதைக்குத் தடுமாறவில்லை என்பதுதான். எழுத்தில் 'உயிர்க்குறிகள் நிலையாக உள்ளன' எனலாம். 'மணிக்கு ஒருமுறை உயிர்க்குறிகளைப் பார்த்துக் குறிக்கவும்' என்பதும் இயல்பாகவே நிற்கிறது.

எல்லா இடத்திலும் இதையே போட முடியாது. இடிபாடுகளுக்குள் தேடும்போது ஆங்கிலத்தில் 'சைன்ஸ் ஆஃப் லைஃப்' என்பார்கள். அங்கே 'உயிரோடு யாரும் இருப்பதற்கான அடையாளம்' என்று விரித்து எழுதுவதே நல்லது. வேற்றுக்கோளில் உயிர் இருந்ததற்கான தடயத்தைத் தேடும் விஞ்ஞானிகள் சொல்லும் பயோசிக்னேச்சர் வேறு வகை. அதற்கு உயிர்ச்சுவடு பொருந்தும். வைட்டல் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்பதில் உயிரையும் இழுக்க வேண்டாம், முக்கியத்தையும் இழுக்க வேண்டாம். பிறப்பு இறப்புப் புள்ளிவிவரம் என்றாலே எல்லாருக்கும் புரியும்.