பெயர்மறைச் சுவைப்பு: ஒரு சொல் விளக்கம்

கேப் டவுனில் ஒரு நண்பர் வீட்டு மேசையில் ஷார்டனே என்ற வெள்ளை ஒயினின் ஆறு பாட்டில்கள் நின்றன. ஆறுக்கும் இங்கே பள்ளிப் பிள்ளைகள் போடும் நீளமான சாம்பல் நிறக் காலுறையை மாட்டி, கழுத்தில் எண் எழுதிய சீட்டைக் கட்டியிருந்தார்கள். மது தொடாத அக்கா ஒருவர்தான் பாட்டில்களை மூடியதும் ஊற்றியதும். எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து யாரும் துப்புத் துலக்கிவிடக் கூடாது என்று ஊற்றியதும் சமையலறைக்குப் போய்விடுவார்.

அப்போது டர்பனில் பிறந்து வளர்ந்த நண்பர் கேட்டார்: "அண்ணா, பிளைண்ட் டேஸ்டிங்குக்குத் தமிழில் என்ன?" 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனை வந்தடைந்தது. அதற்குப் பின்னால் வரிசையாக வந்த கப்பல்களில் ஒன்றில் இறங்கிய குடும்பம் அவருடையது. ஆயா பேசிய தமிழ் காதில் மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் மகளுக்காகக் கிடைக்கிற சொல்லையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். யாரோ சட்டென்று "குருட்டுச் சுவை" என்றார்கள். அவரும் எழுத ஆரம்பித்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று நிறுத்தினேன்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் 'குருட்டு' என்றுதான் வரும். ஆனால் தமிழில் அந்த முன்னொட்டு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். குருட்டு நம்பிக்கை, குருட்டுப் பாடம், குருட்டு யோகம், குருட்டாம்போக்கு. எல்லாவற்றிலும் யோசிக்காமல், ஆராயாமல் என்ற பொருள்தான் நிற்கிறது. பாட்டிலை மூடிவைத்துச் சுவைப்பதோ நேர் எதிரான காரியம். பெயரையும் விலையையும் நம்பிக் குடிப்பதைத்தான் நியாயமாகக் குருட்டுத்தனம் என்று சொல்ல வேண்டும். அதை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடே. பார்வையற்றவர்களைக் குறிக்க வேண்டாம் என்று நாம் விலக்கிவிட்ட ஒரு சொல்லை வேறு வாசல் வழியாக மறுபடி உள்ளே விடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

'கண்கட்டிச் சுவைத்தல்' என்று சிலர் சொல்வார்கள். காதுக்கு நன்றாக இருக்கிறது, கண்ணாமூச்சி நினைவும் வருகிறது. ஆனால் இங்கே யாரும் கண்ணைக் கட்டுவதில்லை. கிளாஸைச் சாய்த்து, வெள்ளைத் தாளின் மேல் பிடித்து, நிறத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. வெளிறிய வைக்கோல் நிறமா, பொன்னிறமா என்பதிலேயே வயதும் மரப்பீப்பாயும் பாதி தெரிந்துவிடும். கண் ஏமாற்றவும் செய்யும். 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், போர்டோவைச் சேர்ந்த 54 பேரிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய மணங்களையே அவர்கள் எழுதித் தந்தார்கள். நிறத்தையும் மறைக்க வேண்டுமானால் கறுப்புக் கிளாஸ் வைத்துக்கொள்வார்கள். அது தனி வகை. வழக்கமான முறையில் கண் திறந்தே இருக்கிறது, மறைந்திருப்பது பாட்டிலின் பெயர்ச் சீட்டுதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற காரணம் வேறு. சமையலறையில் நாம் என்ன சொல்கிறோம்? "கொஞ்சம் உப்பு பாரு." அடுப்பில் கொதிக்கும் குழம்பில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிச் சொல்கிற வேலைக்குப் பெயர் உப்புப் பார்த்தல். ருசி பார், மோந்து பார், தொட்டுப் பார், கேட்டுப் பார். ஐந்து புலனுக்கும் தமிழ் 'பார்' என்ற ஒரே வினையைத் துணைக்குக் கொடுத்திருக்கிறது. சோதித்து அறிவதெல்லாம் நமக்குப் பார்த்தல்தான். நாக்கும் மூக்கும் பார்க்கின்றன என்று சொல்லும் மொழியில் அந்த வேலையைக் 'குருடு' என்றால், சொல் தன்னைத்தானே மறுக்கிறது.

அப்படியானால் எதை மறைக்கிறோமோ அதைச் சொல்லிவிடலாம். மறைப்பது பெயரை. பேச்சில் 'பெயரை மறைத்து ருசி பார்க்கிறது' போதும். எழுத்தில் பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் பெயர்மறைச் சுவைப்பு. வெறும் 'மறைசுவை' சுருக்கமாக இருக்கும்தான். ஆனால் மறை என்றதும் வேதம் நினைவுக்கு வரும், 'மறைவாகக் குடிப்பது' என்றும் காதில் விழும். 'பெயர்' முன்னால் நின்றால் அந்தக் குழப்பம் இல்லை.

இதில் இரண்டு படி உண்டு. எந்தத் திராட்சை, எந்த வட்டாரம் என்பது போல ஏதோ ஒன்று தெரிந்து, எந்தப் பாட்டில் என்பது மட்டும் தெரியாவிட்டால் ஒருமறை. எதுவுமே தெரியாவிட்டால் இருமறை. நாங்கள் ஆடியது ஒருமறை, ஆறும் ஷார்டனே என்று எல்லோருக்கும் தெரியும். மருத்துவ ஆய்வில் இதே சொற்களுக்குப் பொருள் வேறு. அங்கே இருமறை என்றால் மருந்து எடுப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

சரி, ஷார்டனே? அது பிரான்ஸின் பர்கண்டியில், மாக்கோன் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயர். பிரெஞ்சில் 'ஷார்தோன்' ஒரு முட்செடி. முட்செடி மண்டிய இடம் என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வது வழக்கம். இதை நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பலாவையும் சேலத்து மாம்பழத்தையும் யாரும் மொழிபெயர்ப்பதில்லையே. இந்தத் திராட்சையின் பிறப்பு 1999இல் மரபணுச் சோதனையில் தெரிந்தது. பேர்பெற்ற பினோவுக்கும், மட்டமானது என்று ஒதுக்கப்பட்ட குவே பிளாங்க் என்ற கொடிக்கும் பிறந்தது அது.

தனக்கென்று ஓங்கிய மணம் இல்லாத திராட்சை என்பதால்தான் பெயர்மறைச் சுவைப்புக்கு இது இவ்வளவு பொருத்தம். மண்ணும் குளிரும் செய்பவர் கையும் சேர்ந்து அதை மாற்றிவிடுகின்றன. பிரான்ஸில் ஷாப்லி வட்டாரத்தின் சுண்ணாம்பு மண்ணில் வளர்ந்தது எலுமிச்சைத் தோல் போல விறைப்பாக இருக்கும். இங்கே ராபர்ட்சனிலும் சுண்ணாம்பு மண் உண்டு. ஹெர்மானஸ் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு ஆப்பிரிக்கான்ஸில் 'ஹெமல் என் ஆர்டெ', விண்ணும் மண்ணும் என்று பெயர். கடற்காற்றின் குளிர்ச்சி அந்த ஒயினில் தெரியும். ஆப்பிளில் உள்ள கூரிய புளிப்பை நுண்ணுயிர்கள் பாலின் மென்மையான புளிப்பாக மாற்றும்போது டயாசெட்டில் என்ற பொருள் உண்டாகிறது. வெண்ணெய் மணம் அதனால் வருகிறது. நான்காம் எண்ணை மோந்ததும் ஒருவர், "நெய் உருக்கி இறக்கின சட்டி" என்றார். அவரவர் குறிப்புத் தாளில் 'பட்டரி' என்று எழுதியிருந்த நாங்கள் எல்லோரும் அதை அடித்துவிட்டோம். அடியில் தங்கிய கசண்டோடு சேர்த்து வாசனை சொன்ன சொல் அது.

கேப் பகுதியில் திராட்சையிலிருந்து முதல் ஒயின் பிழிந்தது 1659 பிப்ரவரி 2. ஷார்டனேயோ மிகத் தாமதமாக வந்தது. நாற்றுகளைத் தனிமைப்படுத்திச் சோதிக்கும் அரசு நடைமுறைக்குக் காத்திருக்க முடியாமல் சிலர் கள்ளத்தனமாகக் கொண்டுவந்தார்கள். ஷார்டனே என்று நம்பி நட்டதில் நிறைய, ஓசெர்வா என்ற வேறு கொடி என்று பிறகு தெரிந்தது. 1980களில் அரசு விசாரணை ஆணையமே வைத்தது. பெயர்ச் சீட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தோட்டமே சாட்சியாக நின்ற கதை இது. மறுபக்கத்துச் சாட்சி 1976 மே 24, பாரிஸ். பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் மதிப்பெண் போட்டார்கள். வெள்ளை ஒயினில் முதலில் வந்தது பர்கண்டி அல்ல, கலிபோர்னியாவின் 1973 ஷாட்டோ மொன்டெலீனா ஷார்டனே.

ஒயினுக்கே தமிழ் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. தேவாலயத் தமிழில் திராட்சரசம். அழகான சொல், ஆனால் பிழிந்த சாற்றுக்கும் புளித்த மதுவுக்கும் அதில் வேறுபாடு தெரியாது. நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: தேறல். தேறு என்றால் தெளி. மண்டி கீழே தங்க, மேலே நிற்கும் தெளிந்த மது தேறல். பீப்பாயிலிருந்து கசண்டைவிட்டு ஒயினை மாற்றும் வேலையை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. கடல் கடந்து வந்த மதுவுக்கே இந்தச் சொல் ஆளப்பட்டிருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" குடித்து மகிழ்ந்திரு என்கிறார். 'நன்கலம்' கப்பலா குப்பியா என்று இரண்டு விதமாகவும் பொருள் கொள்கிறார்கள். அரிக்கமேட்டில் 1945இல் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. 'தண்கமழ்' என்பதையும் கவனியுங்கள். குளிர்ச்சி, மணம். ஷார்டனேயை ஐஸ் போல உறைய வைத்தால் மணம் அடங்கிவிடும், 10 முதல் 12 டிகிரியில்தான் அது கமழும்.

தேறு என்ற வினைக்கு ஆராய்ந்து நம்புதல் என்ற பொருளும் உண்டு. "தேர்ந்தபின் தேறுக" என்கிறது குறள். மனிதர்களைப் பற்றிச் சொன்னது அது. மேசையில் காலுறை போட்டு நின்ற பாட்டில்களுக்கும் பொருந்தியது.

கடைசியில் காலுறைகளைக் கழற்றும் முன் டர்பன் நண்பர் இரண்டாம் கிளாஸையும் ஐந்தாம் கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். இரண்டையும் மாறி மாறி மோந்தார். "ரெண்டும் ஒரே வீடு" என்றார். நாங்கள் ஒப்பவில்லை. இரண்டுக்கும் நான் வேறு வேறு ஊர் எழுதியிருந்தேன். அக்கா சமையலறையிலிருந்து வந்து இரண்டு காலுறைகளையும் உருவினார். ஒரே தோட்டம், ஒரே ஆண்டு. வேண்டுமென்றே ஒரே ஒயினில் இரண்டு பாட்டில் வைத்திருந்தார்.

நண்பர் நோட்டைத் திறந்து பழையதை அடித்தார். 'பெயர்ம' வரை எழுதிவிட்டு நிமிர்ந்து, "பெரிய ற தானே அண்ணா?" என்று கேட்டார்.