டயரும் ஒரு கியர்தான்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களில் பின்சக்கரங்கள் இரட்டை இரட்டையாக இருக்கும். லாரித் தொழிலில் ஊறியவர்கள் அந்த ஜோடியில் புது டயரையும் தேய்ந்த டயரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட மாட்டார்கள். உயரமான டயர் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு சூடாகும். குட்டையானது தரையில் உரசியே தேயும். ரீட்ரெட் செய்து வந்த டயரைக்கூட உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். இந்த ஞானம் இப்பகுதிக்குப் புதிதல்ல. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952-இல் இறங்கியதே தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடுகளைப் போடும் ட்ரெட் ரப்பர் தொழிலில்தான்.

இதே அக்கறை ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருக்கும் பலரிடம் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. டிரெய்லரில் ஜோடி தவறினால் டயர் போகும். ஜீப்பில் தவறினால் டயரைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகங்கள் போகும். அதுவும் சத்தமில்லாமல், மாதக்கணக்கில் அரைபட்டுப் போகும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். மஹிந்திரா தார் வண்டியில் வரும் 255/65 ஆர்18 அளவை எடுத்துக்கொள்ளலாம். புது டயரின் விட்டம் ஏறத்தாழ 789 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு அது 2 மீட்டர் 48 சென்டிமீட்டர் உருளும். பட்டன் 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு 31 மில்லிமீட்டர் குறைகிறது. ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் புது டயர் 404 முறை சுழன்றால், தேய்ந்த டயர் 409 முறை சுழல வேண்டும். வண்டியின் பாரத்தில் டயர் அமுங்கும்போது இந்த எண்கள் சற்று மாறும். வேறுபாடு மட்டும் மறையாது.

இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் இந்த ஐந்து சுற்றுக்குப் பெரிய விலை இல்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரும்பு உறவு எதுவும் கிடையாது. அது அது தன் வேகத்தில் ஓடும். ஒரே அச்சின் இடது, வலது சக்கரங்கள் வேறுபட்டால் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்ற நடுப் பற்சக்கர அமைப்பு அதைச் சமாளிக்கும். ஆனால் டிஃபரன்ஷியலின் பினியன்கள் என்னும் சின்னப் பற்சக்கரங்கள் திருப்பங்களில் மட்டும் சுழல்வதற்காகச் செய்யப்பட்டவை. நேர் சாலையிலும் ஓயாமல் சுழன்றால் அவற்றின் வாஷர்கள் காலத்துக்கு முன்பே தேயும்.

தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் லீவரை, நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் நிலைக்குத் தள்ளும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பெட்டி, முன்னச்சுக்குப் போகும் ஷாஃப்டையும் (சுழலும் தண்டு) பின்னச்சுக்குப் போகும் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இந்த வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. இனி இரண்டு ஷாஃப்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுழன்றாக வேண்டும். முன்னால் தேய்ந்த ஜோடி, பின்னால் புது ஜோடி என்றால் சாலை ஒரு கணக்குச் சொல்லும், கியர் வேறு கணக்குச் சொல்லும். ஒவ்வொரு சுற்றுக்கும் 31 மில்லிமீட்டர் கணக்கில் உதைக்கும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை மீட்டர் தூரம் ஏதோ ஒரு ஜோடி டயர் உருளாமல் தரையில் இழுபட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும்.

மணலிலும் சேற்றிலும் டயர் எளிதாக வழுக்கும்; கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். காய்ந்த தார்ச் சாலையில் டயர் பிடியை விடாது. அப்போது ஷாஃப்டுகள்தான் முறுக்கேறும். இருவர் ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனையில் பிடித்துப் பிழிவதைப் போல, முறுக்கு ஏறிக்கொண்டே போகும். டயர் ஒரு கணம் பிடி விட்டு வழுக்கினாலோ தரையை விட்டுக் குதித்தாலோதான் அது தளரும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தேய்ந்த டயர்கள் தரையின் வேகத்துக்குச் சுழல முடியாமல் பிரேக் போட்டதுபோல் இழுக்கின்றன. அந்த எதிர் விசை ஷாஃப்ட் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் திரும்பி வந்து, மறுபடி பின்னச்சுக்குப் போகிறது. ஓர் அச்சு தள்ள, இன்னோர் அச்சு தடுக்க, இன்ஜின் தரும் விசைக்கு மேல் இந்த வீண் விசையும் பற்சக்கரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஷாஃப்டின் மூட்டான யூ-ஜாயின்டின் கிராஸ் தளர்வதும், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் செயின் நீள்வதும், பற்கள் மேற்பரப்பில் குழி விழுவதும் இதனால்தான்.

இந்த முறுக்கைக் கையால் உணரலாம். 4எச்-இலிருந்து, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்-க்கு மாற்றப் பார்த்தால் லீவர் கல்லாக இறுகியிருக்கும். பலர் அங்கே பலத்தைக் காட்டி, லீவர் உள்ளே நகர்த்தும் ஃபோர்க்கை வளைத்துவிடுகிறார்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, சில மீட்டர் மெதுவாகப் பின்னால் எடுத்தால் போதும். முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக விடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியும் மணலியும் தண்ணீரில் நின்றன. அந்த மாதிரி நாட்களில் 4எச் போடுவது சரிதான். தண்ணீர் வடிந்த மேட்டுச் சாலைக்கு ஏறிய பிறகும் லீவரை அப்படியே விட்டுவிடுவதுதான் கேடு. நான்கு டயரும் ஒரே மாதிரி இருந்தாலும்கூட அது தவறு. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. டயரும் பொருந்தாவிட்டால் நேர் சாலையிலும் தப்பிக்க வழியில்லை.

எப்போதும் நான்கு சக்கரமும் இணைந்திருக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டிகளின் பாடு இன்னும் மோசம், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவற்றில் 2எச் என்ற புகலிடமே இல்லை. பல வண்டிகளில் இரு அச்சுகளுக்கும் நடுவே, பல தகடுகள் கொண்ட கிளட்ச் ஒன்று இருக்கும். டயர் வேறுபாட்டை, சக்கரம் வழுக்குவதாக எண்ணிக் கணினி அந்தக் கிளட்சை அழுத்தும். தகடுகள் உரசிச் சூடாகும், எண்ணெய் கருகும். சிலிக்கோன் திரவம் நிரப்பிய பழைய வகை இணைப்புகளில் திரவம் சூடேறி, கடைசியில் இறுகிப் பூட்டிக்கொள்வதும் உண்டு. சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது ஆறு மில்லிமீட்டர் சொச்சத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. பட்டன் ஆழத்தில் சொன்னால் வெறும் ஒரு மில்லிமீட்டர். காருக்குச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்பதால், சட்டப்படி சரியான நான்கு டயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பது மிகச் சாதாரணம். அளவு எண் ஒன்றாக இருந்தும், கம்பெனிக்குக் கம்பெனி உண்மையான உயரம் மாறும்.

சோதிப்பதற்குத் தனிக் கருவி வேண்டாம். காற்றழுத்தத்தைச் சமமாக்கிவிட்டு, டயரின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடும் தரையில் ஒரு கோடும் போடுங்கள். வண்டியை நேராக ஐந்து சுற்று உருட்டி மறு கோடு போட்டு டேப்பால் அளந்தால் ஒவ்வொரு டயரின் கணக்கும் வந்துவிடும். ஐந்து சுற்று உருட்டுவது அளவுப் பிழையை ஐந்தில் ஒன்றாக்கும்.

கன்டெய்னர் யார்டுகளைச் சுற்றியுள்ள சாலைகளில் இரும்புத் துண்டு பக்கவாட்டைக் கிழித்து, பாதி ஆயுளிலேயே ஒரு டயர் வீணாகும். அப்போது ஒன்றை மட்டும் புதிதாக வாங்கத்தான் மனம் வரும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றி வந்திருந்தால், ஸ்டெப்னியே பொருத்தமான தேய்மானத்தில் தயாராக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு ஜோடியாக வாங்கி ஒரே அச்சில் மாட்டி, 4எச் தேவைப்படும் பயணங்களுக்கு முன் மற்ற ஜோடியையும் மாற்றிவிடலாம். ஆல் வீல் டிரைவ் என்றால் நான்கையும் மாற்றுங்கள் என்றே சொல்வேன். நான்கு டயரின் விலை பெரும்பாலும் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸின் விலையைவிடக் குறைவு. ரிம் ஓர் அங்குலம் சிறியதான ஸ்டெப்னியோடு வீடு திரும்ப நேர்ந்தால் லீவர் 2எச்-இல் இருக்கட்டும். அந்த லீவர் இல்லாத வண்டியில், கையேடு சொல்லும் வேகத்தையும் தூரத்தையும் தாண்டாமல் நேரே பஞ்சர் கடைக்குப் போங்கள்.