கோயிலை ஒட்டிய பழைய வீடு: பழுது பார்க்கலாம், இடித்துக் கட்ட முடியாது

தாராசுரத்திலோ, காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைச் சுற்றியோ பழைய வீடு வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது, "நம்ம வீட்டை நாமே ரிப்பேர் பண்ணக்கூடாதா?" என்பதுதான். பண்ணலாம். அனுமதி கேட்கும் மனுவில் எந்த வார்த்தையைப் போடுகிறீர்கள் என்பதில்தான் சிக்கல்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பலர் கோபுரத்திலிருந்து தெருவழியே டேப் பிடித்து அளக்கிறார்கள். இரண்டுமே தப்பு. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லைக்கோட்டிலிருந்து உங்கள் மனையின் மிக அருகிலுள்ள புள்ளிக்கு நேர்கோட்டில் அளக்க வேண்டும். கோயில் மதிலுக்கு வெளியே இருக்கும் காலி இடமும் அந்த எல்லைக்குள் வரலாம். ஆகவே சர்வே எண்ணையும் எஃப்.எம்.பி. (மனையின் அளவுகளைக் காட்டும் நில அளவை) வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு அளப்பதே பாதுகாப்பு.

100 மீட்டருக்குள் சட்டம் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்கிறது. மாடி எழுப்புவதும் பக்கவாட்டில் அறை சேர்ப்பதும் 'கட்டுமானம்'. இடித்துவிட்டு அதே நீள அகல உயரத்தில் எழுப்புவது 'மறுகட்டுமானம்'. இருக்கிற கட்டடத்துக்குள் செய்யும் மாற்றம்தான் 'பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு'. தனியார் வீட்டுக்கு அனுமதி கிடைப்பது இந்த மூன்றாவதற்கு மட்டுமே. அதுவும் 16-6-1992-க்கு முன்பே இருந்த வீடாகவோ, அதன்பின் முறையான ஒப்புதலோடு கட்டியதாகவோ இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பத்திரத்தில் வீட்டைப் பற்றிய விவரம், தேதி தெரியும் கல்யாண போட்டோ என்று கிடைப்பதையெல்லாம் திரட்டுங்கள். பட்டா மட்டும் போதாது; அது மண்ணுக்குச் சான்று, சுவருக்கு அல்ல.

அடுத்தது வரைபடம். "கூரை மாற்றம்" என்று ஒரே வரியில் எழுதினால், படிப்பவருக்கு வீட்டையே பிரிக்கப்போவதாகத்தான் தோன்றும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் (தேக்குக் கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தட்டைக் கூரை) பெரும்பாலும் கெடுவது தேக்குக் கட்டை சுவருக்குள் நுழைகிற ஒரு சாண் நீளம்தான். மழைத்தண்ணீர் அங்கே தங்கும், கரையான் அங்கேதான் ஏறும். நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும். எனவே இப்படி எழுதுங்கள்: "கூடத்தில் 14 கட்டைகளில் 3-இன் சுவர்முனை இற்றுள்ளது, அதே அளவுத் தேக்கில் முனை மட்டும் ஒட்டுப்போடப்படும், மேலே சுண்ணாம்புக் கான்கிரீட்டும் தட்டோடும் பழையபடி." கட்டைக்கு எண் போட்டு, அந்த எண் தெரியும்படி படம் எடுத்து இணையுங்கள். இருக்கும் நிலை, உத்தேச நிலை என இரண்டு வரைபடம் வேண்டும். உயரத்தில் கைப்பிடிச் சுவர், படிக்கட்டுத் தலைப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் காட்டுங்கள். புதிய தொட்டிக்காக உயரம் கூடினால் அதுவே கேள்வியாகிவிடும்.

சுவரில் சிமெண்ட் பூச்சு என்று எழுதாதீர்கள். அனுமதிக்காக மட்டும் சொல்லவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் உப்பு பூத்து, சில மழைக்காலத்துக்குள் பூச்சு தகடு தகடாகக் கழன்றுவிடும்.

சட்டப்படி, தகுதிவாய்ந்த அதிகாரி (இந்த மனுக்களை வாங்க மத்திய அரசு குறிப்பிட்ட தொல்லியல் அதிகாரி) மனுவை 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு 2 மாதம், அதன் பரிந்துரை வந்தபின் அதிகாரி முடிவெடுக்க 1 மாதம். கிட்டத்தட்ட நான்கு மாதம். ஆவணம் குறைந்து திரும்பினால் இன்னும் இழுக்கும். தை பிறந்ததும் கூரையில் கை வைக்க வேண்டுமானால் ஆவணிக்குள் மனு போக வேண்டும். இப்படிக் கிடைக்கும் அனுமதி, அதாவது தடையில்லாச் சான்று, உள்ளாட்சியின் கட்டட அனுமதிக்கு மாற்றல்ல, இரண்டும் தனித்தனி. அனுமதியில்லாமல் 100 மீட்டருக்குள் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வேலை நடக்கும்போது கட்டையை உருவினால் மேல்சுவர் சரிவதும் உண்டு. மேஸ்திரி அன்று சாயங்காலமே எழுப்பிவிடத் துடிப்பார், விடாதீர்கள். முட்டுக்கொடுத்து, போட்டோ எடுத்து, அனுமதி தந்த அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுக் காத்திருங்கள். பழுதுபார்ப்புக்கு வாங்கிய அனுமதியில் முழுச் சுவர் எழுந்து நின்றால், அது மறுகட்டுமானம் அல்ல என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.