செங்கல் மண்டபத்துக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே, வெள்ளை வெளேரென்ற ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்பது விக்டோரியா பொது மண்டபம். விக்டோரியா அரசியின் பொன்விழாவையொட்டிப் பெயர் பெற்ற இந்த டவுன் ஹாலை, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. கோபுரத்தின் மேல் திருவிதாங்கூர் பாணிக் கூரையை ஏற்றியது சிஷோமின் துணிச்சல். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டதும் இங்கேதான்.

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த இதுபோன்ற கட்டடங்கள் நம் ஊர்களில் இன்னும் பல உண்டு. அவற்றை மழையைவிட வேகமாகக் கெடுப்பது நல்ல எண்ணத்தோடு செய்யும் சிமென்ட் பூச்சு.

காரணம் எளிது. பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும்; அதைச் சாந்து இணைப்புகள் வழியே வெளியே விடும். இணைப்பைச் சிமென்ட்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற முடியும். கூடவே வரும் உப்பு செங்கல்லின் முகத்துக்குள் படிகமாகி, அதைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். சிமென்ட் இணைப்பு மட்டும் கம்பி போல நீட்டிக்கொண்டு நிற்கும். 'வாட்டர்ப்ரூஃப்' பெயின்டும் இதே வேலையைத்தான் செய்யும். அழுக்கெடுக்க மணல் பீய்ச்சுவது இன்னும் மோசம்: சூளையில் வெந்த கெட்டித் தோல் போய்விட்டால் அந்தச் செங்கல்லுக்கு மீட்சியில்லை.

சுவரைத் தொடுமுன் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். உடைந்த ஓடு, அடைத்த மழைநீர்க் குழாய், இடுக்கில் முளைத்த அரசங்கன்று. கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரைத் தோண்டியெடுத்த பிறகே குழியைச் சாந்தால் நிரப்ப வேண்டும். தேக்கு உத்தரங்களில் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் முதலில் உளுக்கும். சுத்தியலால் தட்டி ஓசை கேளுங்கள். சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நுனியைச் சுற்றிக் காற்றோட்ட இடைவெளி தேவை. அங்கே கலவையைத் திணிப்பதுதான் வழக்கமான தவறு.

இனி சாந்து. இற்றுப்போன இணைப்பை அதன் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கேனும் கையுளியால் சுரண்டுங்கள்; கிரைண்டர் செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். தூசியைக் கழுவி, சுவரை ஈரப்படுத்தி, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு கலந்து அழுத்தி நிரப்ப வேண்டும். ஈரம் மிகுந்த இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் சுர்க்கி எனப்படும் செங்கல் தூள் சேர்க்கலாம். கடுக்காய், வெல்லநீர் சேர்ப்பதெல்லாம் சரிதான். ஆனால் அளவு தெரியாமல் ஊற்றினால் சாந்து பலவீனமாகும். சுண்ணாம்பு கரியமில வாயுவை உள்வாங்கி மெதுவாக இறுகுவது. ஆகவே ஈரச் சாக்கு இரண்டு வாரமாவது தொங்க வேண்டும். சென்னையில் வெளிச்சுவர் வேலை ஆகஸ்டுக்குள் முடிந்தால்தான் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சாந்து தேறும்.

டெண்டரில் 'பழுதுபார்த்தல்' என்று மட்டும் எழுதினால் சிமென்ட்தான் வரும். சுண்ணாம்பு விகிதம், உளி, சாக்கு எல்லாவற்றையும் தனித்தனி வரியாகக் குறிப்பிடுங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டருக்கு மாதிரி வேலை செய்யச் சொல்லி, அது காய்ந்த நிறத்தைப் பார்த்த பிறகே சாரம் கட்ட அனுமதியுங்கள்.